பரீட்சை ஹாலுக்குள் வந்த ஆடு!

குழந்தைகளே! நாளைக்கு உங்களுக்குப் பரீட்சை. ராத்திரி கண்விழித்துப் படித்து, பேனாவுக்கு மை நிரப்பி, சாமி கும்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறீர்கள். வாசலில் இருநூறு பேர் கூட்டமாக நின்று, "உள்ளே போகக்கூடாது!" என்று கத்துகிறார்கள். சேற்றை அள்ளி உங்கள் மேல் வீசுகிறார்கள். நீங்கள் கேட்டை நெருங்கும்போது அதை உங்கள் முகத்துக்கு நேரே படாரென்று சாத்துகிறார்கள். என்ன செய்வீர்கள்?

1870ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் தேதி ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் இது நிஜமாகவே நடந்தது. சேற்றடி பட்டவர்கள் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த பெண்கள். சேற்றை வீசியவர்களில் பலர் அதே ஊரில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த ஆண்கள்!

அன்றைக்கு அந்தப் பெண்கள் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடவில்லை. என்ன நடந்தது என்பதைச் சொல்வதற்கு முன்னால், அவர்கள் யார் என்று பார்த்துவிடுவோம்.

கணக்கு டீச்சரின் ஆசை

சோபியா ஜெக்ஸ் பிளேக் 1840இல் இங்கிலாந்தில் பிறந்தவர். வசதியான குடும்பம். பதினெட்டுப் பத்தொன்பது வயதிலேயே லண்டனில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் சம்பளம் வாங்கக்கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வசதியான வீட்டுப் பெண் வேலைக்குப் போய்க் கூலி வாங்குவது கெளரவக் குறைச்சல் என்று நினைத்த காலம் அது. முப்பது வருடம் மாதா மாதம் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கியவன் நான். எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் சிரிப்பும் நிறையக் கோபமும் வந்தது.

பிறகு சோபியா அமெரிக்கா போனார். பாஸ்டன் நகரில் பெண் டாக்டர்களே நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் கூடமாட வேலை செய்தார். அங்கேதான் 'நாமும் டாக்டர் ஆக வேண்டும்' என்ற ஆசை பிறந்தது. புகழ்பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இடம் கேட்டார். பெண்களுக்கு இடமில்லை என்று பதில் வந்தது. அப்பா இறந்துபோகவே ஊர் திரும்பினார்.

அந்தச் சமயத்தில் பிரிட்டனின் அதிகாரபூர்வமான டாக்டர்கள் பட்டியலில் இரண்டே இரண்டு பெண்கள்தான் இருந்தார்கள். ஒருவர் எலிசபெத் பிளாக்வெல். அவர் 1849இல் அமெரிக்காவில் பட்டம் வாங்கியவர். இன்னொருவர் எலிசபெத் காரெட். மருந்தாளுநர் சங்கம் ஒன்றின் விதிமுறையில் 'பெண்கள் எழுதக்கூடாது' என்று யாரும் எழுதி வைக்க மறந்துவிட்டார்கள். அதைக் கண்டுபிடித்து அந்தச் சங்கத்தின் தேர்வை எழுதி, 1865இல் தேறிவிட்டார். அவர் நுழைந்த உடனே அந்தச் சங்கம் விதியைத் திருத்திக் கதவை மூடிவிட்டது.

ஒருவருக்கு முடியாதா? சரி!

1869இல் சோபியா எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டார். சில பேராசிரியர்கள் ஆதரித்தார்கள், பலர் எதிர்த்தார்கள். கடைசியில் வந்த பதில், ஒரே ஒரு பெண்ணுக்காகத் தனி ஏற்பாடுகள் செய்ய முடியாது என்பது.

நீங்களாக இருந்தால் சோர்ந்து போயிருப்பீர்கள். சோபியா அந்தப் பதிலை ஒரு கணக்கு டீச்சரின் கண்ணால் பார்த்தார். ஒருவருக்கு முடியாது என்றால், பலராகச் சேர்ந்து கேட்போமே! பத்திரிகைகள் மூலம் செய்தி பரப்பினார். "டாக்டருக்குப் படிக்க விருப்பமுள்ள பெண்கள் வாருங்கள்" என்பதுதான் செய்தி. வந்தார்கள்.

இசபெல் தோர்ன் வந்தார். சீனாவில் வாழ்ந்தபோது தன் குழந்தை ஒன்றைப் பறிகொடுத்த தாய் அவர். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் பார்க்கப் பெண் டாக்டர்கள் வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தவர். எடித் பீச்சி, மாடில்டா சாப்ளின், ஹெலன் எவன்ஸ் ஆகியோரும் வந்தார்கள். சில மாதங்களில் மேரி ஆண்டர்சனும் எமிலி போவெலும் சேர்ந்தார்கள். மொத்தம் ஏழு பேர். 'எடின்பரோ எழுவர்' என்று இவர்களைச் சரித்திரம் சொல்கிறது.

நுழைவுத் தேர்வு நடந்தது. எழுதியவர்கள் 152 பேர். அதில் பெண்கள் ஐந்தே ஐந்து பேர். முதல் ஏழு இடங்களில் எத்தனை பெண்கள் தெரியுமா? நான்கு பேர்! பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் பெண்கள் சேர்ந்து மருத்துவம் படிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

ஆனாலும் ஆண்களோடு ஒரே வகுப்பில் உட்கார விடவில்லை. தனி வகுப்பு வேண்டும். அதற்கு ஆசிரியரைப் பெண்களே தேடிக்கொள்ள வேண்டும். ஆட்கள் குறைவு என்பதால் தலைக்குக் கட்டணமும் அதிகம். எந்த ஆசிரியராவது 'மாட்டேன்' என்றால் அந்தப் பாடம் அம்போதான்!

பெண்கள் தந்த பணம், பெண்ணுக்கு இல்லை

1870இல் வேதியியல் தேர்வு. எடித் பீச்சி வகுப்பிலேயே மூன்றாவது இடம். முதல் இரண்டு பேரும் அந்தப் பாடத்தை ஏற்கெனவே ஒருமுறை படித்தவர்கள். ஆக, முதன்முறையாகப் படித்தவர்களில் எடித்தான் முதல்.

அப்படி முதலில் வருபவர்களுக்கு 'ஹோப் உதவித்தொகை' என்ற பரிசு உண்டு. அதை வாங்கினால் பல்கலைக்கழகச் சோதனைச் சாலையை இலவசமாகப் பயன்படுத்தலாம். டாக்டர் படிப்புக்கு அது எவ்வளவு பெரிய உதவி! ஆனால் பேராசிரியர் அதை எடித்துக்குக் கொடுக்கவில்லை. பெண்கள் தனி வகுப்பில் படித்தவர்களாம். ஆகவே அவர்கள் 'வகுப்பைச் சேர்ந்தவர்கள்' ஆக மாட்டார்களாம்! தனியாக உட்கார வைத்தவர்களும் அவர்களே, தனியாக உட்கார்ந்தாய் என்று குற்றம் சொன்னவர்களும் அவர்களே. பரிசு, எடித்துக்குக் கீழே மதிப்பெண் வாங்கியவருக்குப் போயிற்று.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த உதவித்தொகைக்கான பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஏறத்தாழ ஐம்பது வருடங்களுக்கு முன்னால் ஹோப் என்ற பேராசிரியர் எடின்பரோ நகரப் பெண்களுக்கு வேதியியல் சொற்பொழிவுகள் நடத்தினார். கட்டணம் கட்டிக் கேட்க வந்த பெண்களால் சேர்ந்த பணத்தைத்தான் அவர் உதவித்தொகைக்காகக் கொடுத்திருந்தார்!

பத்திரிகைகள் இதை எழுதின. நாடு முழுவதும் பேச்சானது. எடித் பீச்சிக்கு அனுதாபம் பெருகியது. அதோடு எதிர்ப்பும் பெருகியது. 'இந்தப் பெண்கள் சும்மா பொழுது போக்க வந்தவர்கள்' என்று நினைத்திருந்த சிலருக்கு, 'அடடா, நம்மை முந்திவிடுவார்கள் போலிருக்கிறதே' என்ற பயம் வந்துவிட்டது. தெருவில் பின்னால் வந்து கேலி செய்தார்கள். அசிங்கமாகக் கடிதம் எழுதினார்கள். சோபியாவின் வீட்டுப் பெயர்ப்பலகையைச் சேதப்படுத்தினார்கள். கதவில் பட்டாசு கட்டி வெடித்தார்கள்.

நவம்பர் 18

இப்போது அந்த கேட்டுக்கு வருவோம்.

அன்றைக்கு உடற்கூறு பாடத்தில் தேர்வு. இடம் 'சர்ஜன்ஸ் ஹால்' என்ற கட்டடம். பெண்கள் தெருமுனையில் திரும்பியபோதே கூட்டம் வழியை அடைத்து நின்றது. போக்குவரத்தே நின்றுபோகும் அளவுக்குக் கூட்டம். கூச்சல், வசவு, சேறு. பெண்கள் ஓடவில்லை. ஒருவரோடு ஒருவர் சேர்ந்து நேராக கேட்டை நோக்கி நடந்தார்கள். கேட் சாத்தப்பட்டது. உள்ளே இருந்த நல்ல மனசுக்கார மாணவர் ஒருவர் ஓடிவந்து திறந்துவிட்டார். அவர்கள் சேறு படிந்த உடைகளோடு பரீட்சை எழுத உட்கார்ந்தார்கள்.

வெளியே கூச்சல் ஓயவில்லை. திடீரென்று கதவு திறந்தது. உள்ளே யார் வந்தது தெரியுமா? ஓர் ஆடு! அந்த வளாகத்தில் செல்லமாக வளர்ந்த ஆட்டைக் கலாட்டாக்காரர்கள் பரீட்சை ஹாலுக்குள் தள்ளிவிட்டார்கள். அங்கிருந்த ஆசிரியர் டாக்டர் ஹேண்டிசைட் பதறவில்லை. அது இருந்துவிட்டுப் போகட்டும், அனுப்பி வைத்தவர்களைவிட அதற்கு அறிவு அதிகம் என்று சொல்லிவிட்டுத் தேர்வைத் தொடர்ந்தார்!

தேர்வு முடிந்தது. பின்வாசல் வழியாகப் போய்விடுங்களேன் என்று பெண்களிடம் சொல்லிப் பார்த்தார்கள். சோபியா மறுத்துவிட்டார். முன்வாசல் வழியாகத்தான் போனார்கள். இந்த முறை அவர்கள் தனியாகப் போகவில்லை. சக மாணவர்கள் சிலர் அவர்களைச் சுற்றி வேலி மாதிரி நின்று வீடுவரை கொண்டுபோய் விட்டார்கள். இந்த மாணவர்களுக்கு 'ஐரிஷ் பட்டாளம்' என்று பெயரே ஏற்பட்டது. சேறு வீசியதும் ஆண்கள்தான், துணைக்கு வந்ததும் ஆண்கள்தான் என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை முழுதாகாது.

கலாட்டாவைத் தூண்டிவிட்டவர் இன்னார் என்று சோபியா ஒரு கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசிவிட்டார். அவர் ஒரு பேராசிரியரின் உதவியாளர். மானநஷ்ட வழக்குப் போட்டார். கோர்ட்டு என்ன நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது? ஒரு ஃபார்திங்! ஒரு பவுனுக்கு 960 ஃபார்திங். நம்ம ஊர்க் காலணா மாதிரிதான். அவருடைய மானத்துக்குக் கோர்ட்டு போட்ட விலை அவ்வளவுதான். ஆனால் வழக்குச் செலவு ஆயிரம் பவுனை நெருங்கியது. அதைச் சோபியா தலையில் கட்டிவிட்டார்கள். அவருக்காக ஊரெங்கும் ஆதரவாளர்கள் பணம் திரட்டிக் கட்டினார்கள்.

தோற்றார்கள், ஆனால்...

பட்டம் தர முடியாது என்று பல்கலைக்கழகம் கைவிரித்தது. பெண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1872இல் ஜெயித்தார்கள். பல்கலைக்கழகம் அப்பீல் செய்தது. 1873இல் நீதிபதிகளில் பெரும்பான்மையோர், பெண்களைச் சேர்த்ததே தவறு என்று சொல்லிவிட்டார்கள். நான்கு வருடப் படிப்பும் பணமும் உழைப்பும் ஒரே தீர்ப்பில் போயிற்று.

எடின்பரோ இல்லாவிட்டால் வேறு ஊர்! மேரி, எமிலி, மாடில்டா மூவரும் பாரிஸ் நகரில் படித்துப் பட்டம் பெற்றார்கள். மாடில்டா நடுவிலே ஜப்பானுக்கும் போய், பிரசவம் பார்க்கும் பெண்களுக்கு ஒரு பள்ளி நடத்திவிட்டு வந்தார்.

சோபியா லண்டனுக்குப் போய், கல்லூரி நமக்கு இடம் தராவிட்டால் நாமே கல்லூரி கட்டுவோம் என்று கிளம்பிவிட்டார். 1874 அக்டோபரில் லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளி திறந்தது. முதலில் சேர்ந்த மாணவிகள் 14 பேர். அதில் 12 பேர் எடின்பரோவில் அவரோடு படித்தவர்கள்! முதல் இரண்டு பெண் டாக்டர்களான பிளாக்வெல்லும் காரெட்டும் அங்கே ஆசிரியைகளாக வந்தார்கள். 1876இல் பெண்களுக்கும் தேர்வு நடத்தலாம் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அயர்லாந்தில் ஒரு மருத்துவக் கல்லூரி முன்வந்தது. 1877இல் சோபியாவும் எடித்தும் டாக்டர் பட்டியலில் இடம்பிடித்தார்கள்.

இசபெல் தோர்ன்? அவர் டாக்டர் ஆகவே இல்லை. பள்ளியை நடத்தப் பொறுப்பான ஆள் வேண்டியிருந்தது. தன் படிப்பை விட்டுவிட்டு அதன் செயலாளராக உட்கார்ந்தார். அவர் நடத்திய பள்ளியில் நூற்றுக்கணக்கான பெண்கள் டாக்டர் ஆனார்கள். எனக்கு இந்த ஏழு பேரில் ரொம்பப் பிடித்தவர் இவர்தான்.

சென்னையிலிருந்து ஒரு மாணவி

அந்த லண்டன் பள்ளியில் வந்து சேர்ந்த ஒரு மாணவி சென்னையிலிருந்து போனவர். பெயர் மேரி ஷார்லீப். இங்கிலாந்துக்காரர். கணவர் சென்னையில் வக்கீல். பிரசவ நேரத்தில் ஆண் டாக்டரைக் கூப்பிட மனமில்லாமல், பெண் டாக்டரும் கிடைக்காமல் இங்குள்ள பெண்கள் உயிரை விடுவதைப் பார்த்து மனம் நொந்தார். படிக்க வேண்டும் என்று நம்முடைய சென்னை மருத்துவக் கல்லூரியின் கதவைத் தட்டினார். 1875இல் அந்தக் கதவு திறந்தது. அவரோடு சேர்த்து நான்கு பெண்கள். எடின்பரோவில் கதவைச் சாத்திய இரண்டாம் வருடம் சென்னையில் கதவைத் திறந்துவிட்டார்கள், பார்த்தீர்களா!

மூன்று வருடம் இங்கே படித்துவிட்டு லண்டனுக்குப் போய், அங்கே தங்கப் பதக்கத்தோடு பட்டம் வாங்கி, 1883இல் சென்னைக்கே திரும்பி வந்தார். 1885இல் பெண்களுக்காக ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால் இருக்கும் வழக்கத்துக்குக் 'கோஷா' என்று பெயர். அப்படிப்பட்ட பெண்களும் தைரியமாக வரலாம் என்பதால் ஜனங்கள் அதைக் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றார்கள். சென்னைக் குழந்தைகளே, உங்கள் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரிதான் அது. உங்களில் யாராவது அங்கே பிறந்திருக்கலாம்!

எடித் பீச்சியும் 1883இல் இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் காமா ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் தர வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே வாதாடியவர். அப்போது பம்பாயில் ருக்மாபாய் என்ற பெண்ணின் வழக்கு பரபரப்பாக நடந்தது. சிறு வயதில் செய்து வைத்த கல்யாணத்தை ஏற்க மாட்டேன், ஜெயிலுக்கு அனுப்பினாலும் போகிறேன் என்று துணிந்து நின்றவர் அவர். அவரை டாக்டருக்குப் படிக்கச் சொல்லி, பணம் திரட்ட உதவி செய்து லண்டனுக்கு அனுப்பி வைத்ததில் எடித்துக்குப் பெரிய பங்கு உண்டு. எந்தப் பள்ளி? சோபியா தொடங்கி, இசபெல் நடத்திய அதே பள்ளிதான்! 1894இல் டாக்டராகித் திரும்பிய ருக்மாபாய், குஜராத்தில் சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல பத்தாண்டுகள் வைத்தியம் பார்த்தார்.

சங்கம் வைத்த டாக்டர்கள்

டாக்டர் ஆனாலும் தொல்லை தீர்ந்துவிடவில்லை. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தில் 1873இல் எலிசபெத் காரெட் உறுப்பினராகிவிட்டார். பிறகு விழித்துக்கொண்ட சங்கம், இனிமேல் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் போட்டது. ஆகவே 19 வருடங்கள் அவர் ஒருவரே அந்தச் சங்கத்தின் ஒரே பெண்! 1892இல்தான் மற்றவர்களுக்கு வழி பிறந்தது.

அதனால் பெண் டாக்டர்கள் தங்களுக்கென்று சங்கங்கள் அமைத்துக்கொண்டார்கள். கஷ்டமான நோய் ஒன்று வந்தால் யாரிடம் யோசனை கேட்பது? புதிதாகப் படித்து வந்த பெண்ணுக்கு எந்த ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும்? சம்பளத்தைக் குறைத்தால் யார் கேட்பது? இதற்கெல்லாம் கூடிப் பேச ஓர் இடம் வேண்டுமல்லவா? இந்தியாவில் 1907இலும் பிரிட்டனில் 1917இலும் இப்படிப்பட்ட சங்கங்கள் தோன்றின. அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. ராணுவத்தில் ஆண் டாக்டருக்குக் கிடைத்த அதிகாரி பதவி பெண் டாக்டருக்குக் கிடைக்கவில்லை. பிரிட்டன் சங்கம் அதற்காகப் போராடியது. 1919இல் நியூயார்க்கில் பல நாட்டுப் பெண் டாக்டர்கள் கூடி உலகச் சங்கமும் அமைத்தார்கள். அது இன்றும் இருக்கிறது.

சோபியா 1878இல் எடின்பரோவுக்கே திரும்பினார். தன் மேல் சேறு வீசிய ஊரிலேயே, ஏழைப் பெண்களுக்காக ஒரு சிறு மருத்துவமனை திறந்தார். ஸ்காட்லாந்தின் முதல் பெண் டாக்டர் அவர்தான். 1890களில் எடின்பரோ பல்கலைக்கழகமும் இறங்கி வந்து பெண்களுக்கு மருத்துவப் பட்டம் கொடுக்க ஆரம்பித்தது. 1912இல் சோபியா காலமானார். அதே 1912இல்தான் புதுக்கோட்டையில் பிறந்த நம் முத்துலட்சுமி ரெட்டி, சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்றார். 1954இல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கியவர் அவர். அவர் கதையை ஒரு பத்தியில் அடக்க முடியாது, இன்னொரு வாரம் பார்க்கலாம்.

2025ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஒரு கணக்கெடுத்தார்கள். வைத்தியம் செய்ய உரிமம் உள்ள டாக்டர்களில் பெண்கள் முதன்முறையாக ஆண்களை முந்திவிட்டார்கள். பாதிக்கு மேல் ஒரு துளிதான் அதிகம், ஆனாலும் அதிகம்!

எடின்பரோ எழுவர் என்ன ஆனார்கள் என்று கேட்கிறீர்களா? 2019 ஜூலை 6ஆம் தேதி எடின்பரோ பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா. அந்த ஏழு பேரும் அங்கே சேர்ந்து 150 வருடங்கள் ஆகியிருந்தன. ஏழு பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும், அங்கே அப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருவர் எழுந்து மேடைக்குப் போனார். சோபியாவுக்கு ஒருவர், இசபெல்லுக்கு ஒருவர், எடித்துக்கு ஒருவர்... ஏழு டாக்டர் பட்டங்களையும் அந்த மாணவிகள் வாங்கிக்கொண்டார்கள். டாக்டர் ஆகாமலே காலமான இசபெல் தோர்ன் அம்மாளும் அன்று பட்டதாரி ஆகிவிட்டார்.